எட்டு பிராசசரும் நாலு நாற்காலியும்

போன மாதம் எங்கள் ஓய்வூதியர்கள் கூட்டத்தில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. சான்றிதழ் வாங்கப் போனால் "சர்வர் ஸ்லோ, உக்காருங்க" என்று மணிக்கணக்கில் காக்க வைக்கிறார்கள், ஆகவே "தற்போது உள்ளதைவிட இரு மடங்கு சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்" வாங்கித் தர அரசு ஆவன செய்ய வேண்டும் என்று கேட்கும் மனு. டீயும் சமோசாவும் வருவதற்குள் இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான் பேனாவை மூடி வைத்தேன். "முசேக்கு எப்பவும் ஒரு கேள்வி இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பாவத்துக்கு அறுபது வருடமாக என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர் அது.

கேள்வி இருந்தது உண்மைதான். அதை அங்கே நின்று விளக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் 'ரேக்ல் த் த்ருவா' என்று ஒரு கணக்கு முறை சொல்லிக் கொடுப்பார்கள். தமிழ்ப் பள்ளிக்காரர்கள் மூன்று எண் விதி என்று படித்திருப்பீர்கள். நாலு ஆள் ஒரு குளத்தை எட்டு நாளில் வெட்டினால் எட்டு ஆள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? நாலு நாள். எழுதாவிட்டால் விரல் கணுவில் ஸ்கேல் விழும். அந்த விதியை நம்பித்தான் நான் 1972-இல் சர்க்கார் வேலையில் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்து தெரிந்துகொண்டது, அந்த விதி குளத்துக்கு மட்டும்தான் பொருந்தும் என்பது. ஒரு பேரேடு, ஒரு மேசை, எட்டு குமாஸ்தா என்றால் ஏழு பேர் நிற்பார்கள்.

2010-இல் ஓய்வு பெற்றேன். மூன்று வருடம் கழித்து ஒரு அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். எந்த அலுவலகம் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். பிரெஞ்சுக்காரர் காலத்து எத்தா சிவில் பதிவேடுகளில் இருந்த பிறப்பு, திருமணம், இறப்பு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கையெழுத்தைப் படிக்க ஆள் இல்லை. பழுப்பேறிய தாளில், சாய்ந்த எழுத்தில், வருடத்தைக்கூட எண்ணில் போடாமல் முழுதாக வார்த்தையில் எழுதியிருப்பார்கள். நான் படித்துச் சொல்ல வேண்டும், ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பெண்பிள்ளைகள் தட்ட வேண்டும். ஏற்றும் முன் அந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

தேடுவதில்தான் வினை. நம் ஊர்ப் பெயர்களை அந்தக் கால பிரெஞ்சு குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ராமசாமிக்கு இரண்டு எஸ், முத்துவுக்கு ஓவும் யூவும் சேர்த்து. ஒரே குடும்பத்தில் அப்பாவுக்கு ஒரு எழுத்து, மகனுக்கு ஒரு எழுத்து. ஆகவே பெயரின் நடுவில் உள்ள நாலெழுத்தை மட்டும் போட்டு, முன்னும் பின்னும் எது இருந்தாலும் கொண்டு வா என்று தேடுவோம். ஒவ்வொரு தேடலுக்கும் கர்சர் சுற்றும். ஒரு நிமிடம், சில நாள் மூன்று நிமிடம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஒரு நாள் மெமோ வந்தது. ஒரு நாளைக்கு 120 பதிவு என்பது இலக்கு. அவள் 50-ஐத் தாண்டவில்லை. பக்கத்து அறைப் பெண்கள் 70, 80 செய்தார்கள். (அவர்களுக்கு வந்தது 1950-க்குப் பிந்திய ஏடுகள், பெயர்கள் ஒழுங்காக இருந்தன. இதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.) மேலாளர் என்னைக் கேட்டார், "சார், அந்தப் பொண்ணு எப்படி?" என்று. "கொஞ்சம் செல்போன் பாக்கும்" என்றேன். பார்த்தது உண்மை. திரை சுற்றிக்கொண்டிருக்கும் மூன்று நிமிடத்தில் வேறு எதைப் பார்ப்பாள்? அதை நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அந்த ஒரு வாக்கியம் எனக்கு உறுத்துகிறது.

ஸ்லோவாக இருக்கிறது என்று எல்லாரும் புகார் எழுதியதில், பராமரிப்பு ஒப்பந்தக்காரர் வந்து, நாலாக இருந்த பிராசசரை எட்டு ஆக்கிவிட்டுப் போனார். மூன்று எண் விதிப்படி வேகம் இரட்டிப்பாக வேண்டும். நிலைமை இன்னும் மோசமானது.

அப்போதுதான் என் அக்கா மகனைக் கேட்டேன். சென்னையில் டேட்டாபேஸ் பராமரிப்பதே அவன் வேலை. சனி, ஞாயிறு வந்தால் என் வீட்டுத் திண்ணைதான். அதிகாரியிடம் அனுமதி கேட்டு, ஒப்பந்தக்காரரின் ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை முழுக்கத் திரைகளைப் பார்த்தான். எதையும் தொடவில்லை. சாயந்திரம் வந்து சொன்னான்:

"மாமா, அங்க எட்டு பிராசசர் இருக்கு. வேல செய்யுறது நாலுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அலுவலகத்தைப் பற்றித்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அவன் விளக்கியதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் அலுவலகத்தில் 'சர்வர்' என்று சொல்வது பெரும்பாலும் தனிப் பெட்டி இல்லை. ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். அதற்குள் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அந்த இயந்திரத்தைப் பல துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் 'நான்தான் முழு கம்ப்யூட்டர்' என்று நம்ப வைக்கும். இவைதான் மெய்நிகர் கணினிகள், அவர்கள் பாஷையில் விஎம். புதிய யோசனை ஒன்றும் இல்லை. ஐபிஎம் கம்பெனி தன் பெரிய இயந்திரங்களுக்கு விஎம்/370 என்று இதை அறிவித்தது 1972-இல், நான் வேலையில் சேர்ந்த வருடம். ஒட்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீடு, ஒரே கிணறு, ஆனால் ஒவ்வொரு குடித்தனக்காரரின் ரேஷன் கார்டிலும் தனி கதவு எண்.

எங்கள் அலுவலக இயந்திரத்தில் நிஜமாக இருந்தது 16 கோர். அதில் குடியிருந்த விஎம்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்திருந்த பிராசசர்களைக் கூட்டினால் அறுபதைத் தாண்டியது. இதில் தப்பு இல்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் இப்படிச் செய்கிறார்கள் என்றான். ஆனால் காலை பத்தரை மணிக்கு எல்லாரும் இறைத்தார்கள். அப்போது ஒவ்வொரு விஎம்மும் தன் முறைக்குக் காத்து நிற்கும். வேலை கையில் இருக்கிறது, செய்யத் தயாராக இருக்கிறது, நிஜ பிராசசர் கிடைக்கவில்லை. இந்தக் காத்திருப்புக்கு விஎம்வேரில் 'ரெடி டைம்' என்று பெயர். தயாராக நின்ற நேரம்! நாற்பது வருடம் கவுண்டருக்கு முன்னால் மக்கள் நிற்பதைப் பார்த்தவன் நான், இவ்வளவு பொருத்தமான பெயரைக் கேட்டதில்லை. இருபது நொடிக்கு ஒரு முறை அதை அளந்து மில்லி செகண்டில் காட்டும். ஒரு பிராசசருக்கு 1000 என்றால் 5 சதவீத நேரம் சும்மா நின்றது என்று அர்த்தம். அதற்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எங்களுடையது 3000-த்தைத் தாண்டி நின்றது.

இதில் விசித்திரம், விஎம்முக்கு உள்ளே இருந்து பார்த்தால் இது தெரியாது. அதன் டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று காட்டும். உள்ளே இருப்பவர் "எங்க பக்கம் ஒண்ணும் இல்ல" என்பார். நிஜமும் அதுதான், அவர் பக்கம் ஒன்றும் இல்லை. வெளியே இருந்து, இயந்திரத்தின் பக்கம் இருந்து பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவருக்கு அந்தத் திரைக்குப் பாஸ்வேர்டு இல்லை.

சரி, எட்டில் நாலு ஏன் சும்மா இருந்தது? இதைக் கேட்டபோது நான் நம்பவில்லை. பிராசசர் கொடுக்கும்போது இரண்டு விதமாகக் கொடுக்கலாமாம். எட்டு தனித்தனி சாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு கோர். அல்லது ஒரு சாக்கெட், அதற்குள் எட்டு கோர். கூட்டினால் இரண்டும் எட்டுதான். ஆனால் எங்கள் டேட்டாபேஸ், எஸ்க்யூஎல் சர்வரின் ஸ்டாண்டர்டு பதிப்பு. அதன் உரிம விதிப்படி அது நாலு சாக்கெட்டுக்கு மேல் தொடாது. எட்டு சாக்கெட் கொடுத்தால் நாலை எடுத்துக்கொண்டு மீதி நாலை விட்டுவிடும். விதி வெளிப்படையாக அச்சில் இருக்கிறது, மென்பொருள் மேல் குற்றம் இல்லை. படிக்காமல் எண்ணைக் கூட்டியவர் மேல்தான். நாலு நாற்காலி உள்ள அறைக்கு எட்டு பேரை நியமித்த ஆணை மாதிரி.

வேகம் ஏன் குறைந்தது என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு விஎம்முக்குப் பல பிராசசர் இருந்தால் அவை ஏறக்குறைய ஒன்றாக நகர வேண்டும். ஒன்று மட்டும் ரொம்பப் பின்தங்கினால், முன்னே போனதை ஹைப்பர்வைசர் நிறுத்தி வைக்கும். கூட்டம் நிறைந்த பஸ்ஸில் இரண்டு பேருக்கு இடம் கிடைப்பதும் எட்டு பேர் கொண்ட கல்யாண கோஷ்டிக்கு இடம் கிடைப்பதும் ஒன்றா? பழைய காலத்தில் எட்டு பேருக்கும் ஒரே நேரத்தில் இடம் கிடைத்தால்தான் ஏறவே விடும். இப்போது அவ்வளவு கண்டிப்பு இல்லை என்றான். இருந்தாலும் கோஷ்டி பெரிதானால் காத்திருப்பு கூடும்.

பிராசசர் விஷயம் இவ்வளவுதான். உண்மையான நோய் மெமரியில் இருந்தது.

டேட்டாபேஸ் என்பது ஒரு பழைய ரெக்கார்டு கீப்பர் மாதிரி. ஒரு முறை எடுத்த ஏட்டை மறுபடி உள்ளே வைக்காது, மேசை மேலேயே பரப்பி வைத்துக்கொள்ளும். மேசைதான் மெமரி. உள் அறைதான் டிஸ்க். மேசையில் இருந்து எடுப்பதற்கும் டிஸ்க்கில் இருந்து எடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். மெமரியில் சுமார் 100 நானோ செகண்டு, சுழலும் டிஸ்க் என்றால் 8 மில்லி செகண்டு போல. நானோ, மில்லி எல்லாம் எனக்குப் பிடிபடாது என்றேன். பேப்பரில் வகுத்துக் காட்டினான். மேசையில் இருந்து எடுக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், உள் அறைக்குப் போய் எடுத்து வர ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் செய்த நடு எழுத்துத் தேடல், குறியீட்டு அட்டவணையைப் பயன்படுத்த முடியாத தேடல். முதல் எழுத்து தெரியாமல் அகராதி புரட்டுவது போல, எல்லாப் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். மேசையில் எல்லாம் விரிந்து கிடந்தால் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் உள் அறைக்கு ஓடினால்?

எங்கள் விஎம்முக்கு எழுதிக் கொடுத்திருந்தது 16 ஜிபி. ஆனால் 'ரிசர்வேஷன்', அதாவது இது இவருக்கே என்று ஒதுக்கீடு, பூஜ்யம். பெரிய இயந்திரத்தில் மெமரி பற்றாக்குறை வந்ததும் ஹைப்பர்வைசர் ஒரு தந்திரம் செய்யும். ஒவ்வொரு விஎம்முக்கு உள்ளேயும் அதன் ஆள் ஒருவன் இருக்கிறான், 'பலூன்' என்று பெயர். அவன் உள்ளே இருந்தபடியே ஊதிப் பெருத்து, எனக்கு மெமரி வேண்டும் என்று கேட்பான். அவனுக்கு இடம் விட மற்றவர்கள் ஒதுங்குவார்கள். அவன் வாங்கியதை வெளியே கொண்டுபோய் வேறு குடித்தனத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் 16-இல் 6 ஜிபியைப் பலூன் பிடித்திருந்தது. ரெக்கார்டு கீப்பர் மேசையில் பரப்பியிருந்ததையெல்லாம் வாரி உள்ளே போட்டுவிட்டார், வேறு வழியில்லாமல்.

இன்னொரு வேடிக்கை. இந்த டேட்டாபேஸ் அதிகபட்சம் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும். யாரும் எழுதாவிட்டால் அங்கே இருக்கும் எண் 2147483647 மெகாபைட். 214 கோடி! வரம்பே இல்லை என்பதை இப்படிச் சொல்கிறது. எங்கள் அலுவலகத்தில் அதுதான் இருந்தது. அப்படி விட்டால் தன்னைத் தாங்கும் விண்டோஸுக்கே மூச்சுவிட இடம் வைக்காமல் எடுத்துக்கொண்டு போகும்.

இரண்டு வாரம் கழித்துச் செய்தது இதுதான். எட்டு பிராசசரை நாலாகக் குறைத்தார்கள். நாலையும் ஒரே சாக்கெட்டில் வைத்தார்கள். மெமரியை 24 ஜிபி ஆக்கி, முழுவதையும் ரிசர்வ் செய்தார்கள். டேட்டாபேஸுக்கு 20 என்று வரம்பு எழுதி, மீதி 4-ஐ விண்டோஸுக்கு விட்டார்கள். அந்த மெமரி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? எப்போதோ சோதனைக்கு உருவாக்கி, யாரும் உள்ளே நுழையாமல் ஓடிக்கொண்டிருந்த நாலு விஎம்களை அணைத்ததில் வந்தது. மஸ்டர் ரோலில் இருந்த இல்லாத ஆட்கள்! ஒரு பைசா செலவில்லை. தேடல் நாலைந்து நொடிக்கு வந்தது. ஒப்பந்தக்காரரின் பையன், பிராசசரைக் குறைத்து வேகம் கூடியதை என்னைவிட ஆச்சரியமாகப் பார்த்தான்.

எல்லா இடத்துக்கும் இதே எண்கள் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நாலு போதாத இடங்கள் நிச்சயம் உண்டு. பெரிய விஎம் என்றால் 'நுமா' என்று இன்னொரு சிக்கலும் வருமாம். பெரிய இயந்திரத்தில் ஒவ்வொரு பிராசசருக்கும் பக்கத்திலேயே அதற்கான மெமரி இருக்கும். ஒரு பிராசசரில் அடங்காத விஎம், முற்றம் தாண்டி அடுத்த கட்டடத்துக்குப் போய் ஏடு எடுத்து வர வேண்டியிருக்கும். எல்லாருக்கும் எல்லா மெமரியையும் ரிசர்வ் செய்து கொடுத்தால் பங்கு போட்டுக்கொள்வதன் லாபமே போய்விடும் என்பதும் நியாயமான பேச்சு. ஆனால் வருகைப் பதிவு செய்யும் விஎம்மையும் லட்சக்கணக்கான பேரின் பிறப்பைத் தாங்கும் டேட்டாபேஸையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒன்று பத்து நொடி தாமதித்தால் யாருக்கும் தெரியாது. இன்னொன்று தாமதித்தால், தூதரகத்தில் தேதி வாங்கிவிட்டு அப்பாவின் பிறப்புப் பதிவுக்காகக் காத்திருக்கும் கிழவி வெறுங்கையோடு பஸ் ஏறுவாள். அப்படி ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் கோபம் இயந்திரத்தின் மேல் இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில் "இன்னும் வேண்டும்" என்று கேட்கும் கோப்பு ஆயிரம் பார்த்தேன். "இருப்பதைக் குறைத்தால் நன்றாக நடக்கும்" என்று ஒரு கோப்புகூட என் மேசைக்கு வந்ததில்லை. வந்திருந்தாலும் எழுதியவனைப் பைத்தியம் என்றிருப்போம். வாங்குவதற்குத் தலைப்பு உண்டு, நிதி உண்டு, டெண்டர் உண்டு. அளந்து பார்ப்பதற்கு எந்தத் தலைப்பில் செலவெழுதுவது? அளக்காமல் வாங்கினால் புதுப் பெட்டியிலும் அதே பூஜ்ய ரிசர்வேஷன், அதே 214 கோடி, அதே எட்டு சாக்கெட் வந்து உட்காரும். பெட்டி புதிது என்பதால் ஆறு மாதம் ஓடும். பிறகு இன்னொரு மனு.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். சரி செய்வதற்குப் பத்து நாள் முன்னால், மாதக் கடைசியில், அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. மெமோ இருந்ததால் புதுப்பிக்கவில்லை. அவள் இடத்தில் வந்த பையன், அதே பழைய ஏடுகள், அதே நாற்காலி, முதல் வாரமே 110 பதிவு செய்தான். "பார்த்தீங்களா சார், ஆள் மாறினா எப்படி மாறுது" என்றார் மேலாளர். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், தேதி வாரியாக, ரெடி டைம் எண்களோடு. கோப்பில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்கள். மெமோவும் அதே கோப்பில்தான் இருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்.

அவளைப் பிறகு ஒரு முறை பெரிய மார்க்கெட்டில் பார்த்தேன். ஒரு கடையில் கணக்கு எழுதுவதாகச் சொன்னாள். "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். செல்போன் விஷயத்தை நான் சொன்னது அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

மனுவுக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்: 'புதிய இயந்திரம் வாங்கும் முன், தற்போதைய இயந்திரத்தில் காத்திருப்பு நேரமும் மெமரி ஒதுக்கீடும் அளக்கப்பட்டு, அந்த அளவு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், அதுவரை தாமதத்துக்காக எந்த ஊழியர் மீதும் நடவடிக்கை கூடாது.' அரை மணி நேரம் வாதம் நடந்தது. கடைசிப் பகுதி எதற்கு என்று இரண்டு பேர் கேட்டார்கள். அது இல்லாவிட்டால் நான் போட மாட்டேன் என்றேன். தலைவர் பேனாவை எடுத்துத் தானே ஓரத்தில் எழுதிச் சேர்த்தார். இருபத்தேழாவது கையெழுத்து என்னுடையது.